சிரிப்பு மன்னர் கொடுத்த மஞ்சள் கடுதாசி

உலகத்தையே சிரிக்க வைத்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். டாம் சாயர் என்ற குறும்புக்காரச் சிறுவனின் கதையை எழுதியவர் அவர்தான்.

கை நிறையச் சம்பாதித்தார். மாளிகை கட்டினார். வண்டி, குதிரை, வேலையாட்கள் என்று பெருவாழ்வு வாழ்ந்தார்.

அப்படிப்பட்டவர் 58-வது வயதில் திவாலானார்!

கடனைக் கட்ட முடியவில்லை என்று சட்டப்படி கை விரிப்பதை நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்கள். மார்க் ட்வைனும் அப்படிக் கை விரித்தார்.

ஆனால், சுலபமாகக் கொடுத்துவிடவில்லை. கொடுத்தால் மானம் போய்விடாதா? கொடுக்காவிட்டால் குடும்பம் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் அவரையும் அவர் மனைவியையும் வாட்டி எடுத்தன.

கடைசியில் அவர் எடுத்த முடிவு என்ன? அதன் பிறகு அவர் செய்தது என்ன? அதைப் பார்ப்போம்.

அச்சுக்கூடத்துப் பையன்

மார்க் ட்வைன் என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். 1835-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி, மிசூரி மாநிலத்தில் புளோரிடா என்ற சிறு கிராமத்தில் பிறந்தார்.

தகப்பனார் நேர்மையானவர். ஆனால், கையில் காசு தங்காதவர். டென்னஸி மாநிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டு நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டிருந்தார். என்றாவது ஒரு நாள் அந்த நிலம் பிள்ளைகளைப் பணக்காரர்கள் ஆக்கும் என்று நம்பினார். அது ஆக்கவில்லை.

1847-ம் ஆண்டு தகப்பனார் இறந்தார். சாமுவேலுக்கு அப்போது வயது 11. குடும்பம் கஷ்டத்தில் மூழ்கியது. சீக்கிரமே பையன் படிப்பை விட்டு, அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனான்.

அந்தக் காலத்தில் அச்சுக் கோப்பது முழுவதும் கை வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். அச்சான பிறகு அவற்றைப் பிரித்து, மறுபடியும் அந்தந்த அறையில் போட வேண்டும். கண் வலிக்கும். முதுகு நோகும். அந்தக் கஷ்டம் சிறுவனின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அவருடைய பணத்தை எல்லாம் விழுங்கிய ஆசைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பிறகு, மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1859-ல் அதற்கான லைசென்சும் பெற்றார். ஆற்றின் ஆழத்தை அளப்பவர்கள், இரண்டு பாகம், அதாவது 12 அடி தண்ணீர் இருந்தால் மார்க் ட்வைன் என்று குரல் கொடுப்பார்கள். கப்பலுக்கு ஆபத்து இல்லை என்று அதற்கு அர்த்தம். பின்னர் அதையே தம் பெயராக வைத்துக்கொண்டார்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றுப் போக்குவரத்து நின்றது. அவர் மேற்கே போய், வெள்ளிச் சுரங்கத்தில் அதிர்ஷ்டத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. பத்திரிகை நிருபர் ஆனார். அங்கேதான் அவருடைய பேனாவுக்கு வேலை கிடைத்தது.

புகழும் குடும்பமும்

1865-ல் அவர் எழுதிய தவளைக் கதை ஒன்று நாடு முழுவதும் பரவியது. 1869-ல் வெளிவந்த பிரயாண நூல் ஆயிரக்கணக்கில் விற்றது.

1870-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒலிவியா என்ற பெண்ணை மணந்தார். அவர் எல்மைரா நகரத்து நிலக்கரி வியாபாரி ஒருவரின் மகள். பிறந்த வீட்டில் செல்வமாக வளர்ந்தவர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் மிகவும் கண்டிப்பானவர்.

முதல் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்தது. சூசி, கிளாரா, ஜீன் என்று மூன்று பெண்களும் பிறந்தார்கள்.

1874-ல் ஹார்ட்போர்ட் நகரில் பெரிய வீடு கட்டிக் குடியேறினார்கள். 1876-ல் டாம் சாயர் வந்தது. 1881-ல் இளவரசனும் ஏழைச் சிறுவனும் இடம் மாறும் கதை வந்தது. 1885-ல் ஹக்கிள்பெரி பின் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுத்து பணமாகக் கொட்டியது.

எழுதுவதோடு நின்றிருந்தால், அவர் சாகும் வரை கவலை இல்லாமல் வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவருக்கு வியாபாரம் செய்ய வேண்டும் என்று ஆசை!

சொந்தக் கம்பெனி

தம் புத்தகங்களை மற்றவர்கள் அச்சிட்டு லாபம் பார்க்கிறார்களே, நாமே ஏன் அச்சிடக் கூடாது என்று நினைத்தார். 1884-ல் சொந்தமாகப் புத்தகக் கம்பெனி தொடங்கினார். தம் அக்காள் மகளின் கணவரான சார்லஸ் வெப்ஸ்டர் என்பவரை நிர்வாகி ஆக்கினார். கம்பெனிக்கும் அவர் பெயரையே வைத்தார்.

ஆரம்பத்தில் கம்பெனிக்கு யோகம் அடித்தது.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட், 1884-ல் எல்லாவற்றையும் இழந்து நின்றார். அவர் பணம் போட்டிருந்த கம்பெனியை அதன் கூட்டாளி மோசடி செய்து கவிழ்த்துவிட்டான். போதாக்குறைக்கு, கிராண்டுக்குத் தொண்டையில் புற்றுநோய். தாம் போன பிறகு மனைவி என்ன செய்வாள் என்ற கவலையில், தம் வாழ்க்கை வரலாற்றை எழுத முன்வந்தார்.

வேறு ஒரு கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன தொகை மிகவும் குறைவு என்று மார்க் ட்வைனுக்குப் பட்டது. லாபத்தில் நூற்றுக்கு 70 பங்கு தருவதாகச் சொல்லிப் புத்தகத்தை வாங்கினார்.

கிராண்ட் வலியோடு போராடி எழுதி முடித்தார். சில நாட்களில், 1885 ஜூலை 23-ந்தேதி இறந்தார். புத்தகம் அமோகமாக விற்றது. 1886 பிப்ரவரியில் கிராண்டின் மனைவிக்கு 2 லட்சம் டாலருக்கு ஒரே செக் போனது. அதுவரை எந்த நூலுக்கும் அவ்வளவு பெரிய தொகை ஒரே தடவையில் கொடுக்கப்பட்டதில்லை.

கடனில் விழுந்தவர் ஒருவரின் குடும்பத்தை மார்க் ட்வைன் கைதூக்கிவிட்டார். எட்டு ஆண்டுகளில் தாமே அதே பள்ளத்தில் விழப் போகிறோம் என்று அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பணம் தின்ற யந்திரம்

ஜேம்ஸ் பேஜ் என்பவர் ஓர் அச்சுக் கோக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அது மனிதனைப் போலவே எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும். வேலை முடிந்ததும் தானே பிரித்து, அறைகளில் போட்டுக்கொள்ளும்.

சிறு வயதில் அச்சுக்கூடத்தில் முதுகு ஒடிய வேலை பார்த்த மார்க் ட்வைன், அதைப் பார்த்து மயங்கிவிட்டார். உலகத்தில் உள்ள அச்சுக்கூடங்கள் எல்லாம் இதை வாங்கும், கோடிக்கணக்கில் லாபம் வரும் என்று கணக்குப் போட்டார். 1880 வாக்கில் சில ஆயிரம் டாலர் கொடுத்தார்.

அதோடு விட்டாரா? இல்லை. யந்திரம் இன்னும் கொஞ்சம் திருந்த வேண்டும் என்பார் பேஜ். பணம் போகும். இன்னும் ஒரு பாகம் மாற்ற வேண்டும் என்பார். மறுபடியும் பணம் போகும். ஒரு கட்டத்தில் மாதம் 3,000 டாலர் வரை அந்த யந்திரம் விழுங்கியது. அந்த நாளில் கூலியாள் ஒருவர் நாள் முழுவதும் உழைத்தால் ஒன்றரை டாலர் அளவில்தான் கிடைக்கும்!

யந்திரத்தில் 18,000 பாகங்கள். ஓடினால் பிரமாதமாக ஓடும். ஒரு சின்னப் பாகம் கோளாறானால் எல்லாம் நின்றுவிடும்.

இதற்குள், 1886-ல் லினோடைப் என்ற வேறு ஒரு யந்திரம் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வேலைக்கு வந்துவிட்டது. அது எழுத்தை அடுக்கவில்லை. ஈயத்தை உருக்கி, வரி வரியாக வார்த்துக் கொடுத்தது. பழுது குறைவு. பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பின.

மார்க் ட்வைன் அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால், போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. போட்டதை எடுப்பதற்காக மேலும் போட்டார். மனைவியின் பிறந்த வீட்டுச் சொத்தும் அதில் கரைந்தது. மொத்தம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது.

விற்க விற்க நஷ்டம்

மற்றொரு பக்கம் புத்தகக் கம்பெனியும் தள்ளாடியது.

அமெரிக்க இலக்கியத் தொகுப்பு ஒன்றைப் பல பாகங்களாக வெளியிட்டார்கள். அதைத் தவணை முறையில் விற்றார்கள். வாங்குகிறவர் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டுவார். ஆனால், காகிதம், அச்சு, பைண்டிங், ஏஜெண்டு கமிஷன் எல்லாவற்றுக்கும் கம்பெனி உடனே பணம் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே, புத்தகம் அதிகமாக விற்க விற்கக் கையிருப்பு குறைந்தது! கணக்கில் லாபம், பெட்டியில் பணம் இல்லை. பாங்கியில் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனைக் கட்ட வேறு கடன் வாங்கினார்கள்.

கம்பெனியின் கணக்கர் ஒருவரும் பெரும் தொகையைக் கையாடிவிட்டார். வெப்ஸ்டர் உடல் நலம் கெட்டு விலகினார். மார்க் ட்வைனின் மனைவி தம் பணத்தில் 60,000 டாலருக்கு மேல் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தார்.

செலவைக் குறைப்பதற்காக, 1891 ஜூன் மாதம் ஹார்ட்போர்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஐரோப்பா போனார்கள். அங்கே குறைந்த செலவில் வாழலாம் என்பது எண்ணம். அந்த வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து திரும்பி வரும் நாள் பிறகு வரவே இல்லை.

8,000 டாலருக்கு அலைச்சல்

1893-ல் அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்டது. பாங்கிகள் மூடப்பட்டன. ரயில்வே கம்பெனிகள் கவிழ்ந்தன. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கழுத்தைப் பிடித்தார்கள்.

மார்க் ட்வைன் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் ஓடி வந்தார். உடனே கட்ட வேண்டிய தொகை 8,000 டாலர். நண்பர்களைக் கேட்டார். தெரிந்த வியாபாரிகளைக் கேட்டார். யாரிடமும் பணம் கிடைக்கவில்லை.

உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர், 8,000 டாலருக்காகத் தெருத் தெருவாக அலைந்தார்!

அந்தச் சமயத்தில், ஒரு டாக்டர் நண்பர் அவருக்கு ஹென்றி ரோஜர்ஸ் என்பவரை அறிமுகம் செய்துவைத்தார். ரோஜர்ஸ், ஸ்டாண்டர்டு ஆயில் என்ற மாபெரும் எண்ணெய்க் கம்பெனியின் தலைவர்களில் ஒருவர். வியாபாரத்தில் இரக்கம் இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். ஆனால், மார்க் ட்வைன் புத்தகங்கள் என்றால் அவருக்கு உயிர்.

அவர் 8,000 டாலருக்கு வழி செய்தார். நஷ்டத்துக்குக் காரணமான இலக்கியத் தொகுப்பைத் தம் மருமகன் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார். பிறகு, கணக்குப் புத்தகங்களை எல்லாம் கொண்டு வரச் சொல்லி, உட்கார்ந்து படித்தார்.

கொடுக்கலாமா, கூடாதா?

படித்து முடித்ததும் ரோஜர்ஸுக்கு உண்மை விளங்கியது. கம்பெனி பிழைக்காது. இனிப் போடும் ஒவ்வொரு டாலரும் கிணற்றில் போட்ட கல்தான்.

இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, மேலும் கடன் வாங்கிக் காலத்தைத் தள்ளுவது. இதில் மானம் தற்காலிகமாகத் தப்பும். ஆனால், கடன் வளரும். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் பணம் போகும். சாதுவாக இருக்கிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மற்றொன்று, கம்பெனியின் சொத்து முழுவதையும் ஒரு பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது. அவர் அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுத் தருவார். அமெரிக்கா முழுவதற்குமான திவால் சட்டம் 1878-ல் ரத்தாகிவிட்டது. புதிய சட்டம் 1898-ல்தான் வந்தது. இடையில் திவாலானவர்களுக்கு இதுதான் வழியாக இருந்தது.

இரண்டாவது வழிதான் சரி என்றார் ரோஜர்ஸ்.

ஐரோப்பாவில் இருந்த ஒலிவியா அம்மையாருக்கு இது இடி போல இருந்தது. திவால் என்ற சொல்லே அவருக்கு அவமானமாகப் பட்டது. வீடு வாசல் எல்லாவற்றையும் கொடுத்தாவது கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்று துடித்தார். மார்க் ட்வைன் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

மார்க் ட்வைன் கடைசி நாள் வரை ஏதாவது நல்லது நடக்கும் என்று காத்திருந்தார். பேஜின் யந்திரம் எப்படியும் காப்பாற்றும் என்று நம்பினார். காத்திருந்த ஒவ்வொரு மாதமும் கடன் ஏறியதுதான் மிச்சம்.

1894 ஏப்ரல் 18-ந்தேதி அவர் கையெழுத்துப் போட்டார். கம்பெனி மூடப்பட்டது. செய்தி பத்திரிகைகளில் வந்தது.

கடன் கொடுத்தவர்கள் சுமார் நூறு பேர். கொடுக்க வேண்டிய தொகை சுமார் ஒரு லட்சம் டாலர். மனைவிக்குத் தர வேண்டியது வேறு.

கலப்பையை விற்கலாமா?

கடன் கொடுத்தவர்களின் கூட்டத்தில் மார்க் ட்வைனுக்காக ரோஜர்ஸ் பேசினார்.

ஒலிவியா அம்மையாரும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்தான். கொடுத்த தொகையும் பெரியது. அதை வைத்து, புத்தகங்களின் உரிமையை முன்கூட்டியே அவர் பெயருக்கு மாற்றும்படி ரோஜர்ஸ் செய்திருந்தார்.

கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. புத்தக உரிமையும் வேண்டும், ஹார்ட்போர்ட் வீடும் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மனைவிக்கு முதலிடம், மற்றவர்களுக்குப் பிறகா என்று கேட்பது இயல்புதானே?

ரோஜர்ஸின் கணக்கு வேறு. பணமுடை காலத்தில் புத்தக உரிமையை விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். அது அவரிடமே இருந்தால் வருடா வருடம் பணம் தரும். அதைக் கொண்டு எல்லோருக்கும் கடனை அடைக்கலாம். உழவனின் கலப்பையை விற்றுக் கடனுக்கு எடுத்துக்கொண்டால், அடுத்த விளைச்சல் எங்கிருந்து வரும்?

இந்த நியாயத்தைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டிலும், கைத்தொழில் செய்கிறவரின் கருவிகளைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது.

ரோஜர்ஸ் பிடிவாதமாக நின்றார். புத்தக உரிமையும் வீடும் தப்பின.

யந்திரத்தின் முடிவு

கடனிலிருந்து மீள மார்க் ட்வைன் இன்னும் பேஜின் யந்திரத்தைத்தான் நம்பியிருந்தார்.

1894 இறுதியில் சிகாகோ பத்திரிகை அலுவலகம் ஒன்றில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. நின்றது. பழுது பார்த்தார்கள். மறுபடியும் நின்றது. பத்திரிகை வேலைக்கு இது உதவாது என்று தெரிந்துவிட்டது.

டிசம்பர் மாதம் பாரிசில் இருந்த மார்க் ட்வைனுக்கு ரோஜர்ஸிடமிருந்து கடிதம் போனது. யந்திரத்தின் கதை முடிந்தது. பதினான்கு வருட ஆசை மண்ணானது.

இனி அவரிடம் மிஞ்சியது பேனாவும் நாவும்தான்.

சட்டம் வேறு, மனம் வேறு

கம்பெனி திவாலாகிவிட்டால், கடன் கொடுத்தவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, மீதியை விட்டுக்கொடுப்பது அந்த நாளில் வழக்கம். அப்படி விடுபட்டவர் மறுபடியும் தொழில் தொடங்குவார். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மார்க் ட்வைனும் அப்படிச் செய்திருக்கலாம்.

ஒலிவியா அம்மையார் சம்மதிக்கவில்லை. ஒரு காசு பாக்கி இல்லாமல் கொடுத்தால்தான் நிம்மதி என்றார். ரோஜர்ஸும் அதை ஆதரித்தார். வியாபாரி பாதியில் தீர்த்துக்கொள்ளலாம், எழுத்தாளருக்குப் பெயர்தான் மூலதனம் என்பது அவர் கருத்து.

மார்க் ட்வைன் அதை ஏற்றார். 1895 ஆகஸ்டில், முழுக் கடனையும் அடைக்கப் போவதாகப் பத்திரிகை மூலம் ஊரறியச் சொன்னார்.

எப்படி அடைப்பது? உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்து அடைப்பது!

மேடை ஏறுவது அவருக்குப் பிடிக்காத வேலை. இனி வேண்டாம் என்று எப்போதோ விட்டுவிட்டார். இப்போது வயது 59. காலில் ராஜபிளவைக் கட்டி வந்து, பல வாரங்கள் படுக்கையில் கிடந்தவர். ஆனாலும் 1895 ஜூலையில் கிளீவ்லாந்து நகரில் முதல் கூட்டத்தில் பேசினார்.

மனைவியும் இரண்டாவது மகள் கிளாராவும் கூடப் போனார்கள். மூத்த மகள் சூசியும் கடைசி மகள் ஜீனும் எல்மைராவில் பெரியம்மா வீட்டில் தங்கினார்கள்.

நம் நாட்டில்

அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசி முடித்து, கப்பல் ஏறினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பேசினார். 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார்.

வந்ததுமே மார்ச்சளி பிடித்து, படுத்துவிட்டார். எழுந்ததும் மறுபடி மேடை. பம்பாய், புனா, பரோடா, அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லட்சுமணபுரி, ஆக்ரா, ஜெய்ப்பூர், டில்லி, லாகூர் என்று ரயிலில் சுற்றினார். சுமார் இரண்டு மாதங்கள் இந்தியாவில் இருந்தார். இந்தியா அவர் மனதைப் பெரிதும் கவர்ந்தது.

மார்ச் மாதக் கடைசியில் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். கப்பல் ஒரு நாள் சென்னையில் நின்றது. இலங்கையில் இரண்டு மூன்று நாட்கள். பிறகு மொரீஷஸ். பிறகு தென்னாப்பிரிக்கா.

ஓராண்டுக்கு மேல் நீடித்த இந்தப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்களில் பேசினார். வந்த பணத்தில் செலவு போக மிச்சத்தை ரோஜர்ஸுக்கு அனுப்பினார். கடன் தீர்க்க அவர் அதைச் சேர்த்துவைத்தார்.

பிரிந்த மகள்

1896 ஜூலை 31-ந்தேதி இங்கிலாந்தில் இறங்கினார்கள். சூசியும் ஜீனும் அங்கே வந்து சேருவதாக ஏற்பாடு. குடும்பம் ஒன்றுகூடும் என்று ஆவலோடு காத்திருந்தார்கள்.

சூசிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. ஒலிவியா அம்மையாரும் கிளாராவும் உடனே கப்பல் ஏறினார்கள். மார்க் ட்வைன் மட்டும் தனியே இங்கிலாந்தில் இருந்தார்.

தாய் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 18-ந்தேதி சூசி இறந்துவிட்டாள். மூளைச் சவ்வில் வந்த நோய். வயது 24. ஹார்ட்போர்ட் வீட்டில்தான் அவள் உயிர் பிரிந்தது. தகப்பனாருக்குத் தந்திதான் வந்தது.

கடன் தீர்ப்பதற்காக உலகைச் சுற்றி வந்தவர், பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

கடைசிக் காசு வரை

லண்டனில் யாரையும் பார்க்காமல், வீட்டுக்குள் அடைந்து கிடந்து, தம் உலகப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1897 நவம்பரில் அது வெளிவந்தது.

இதற்கிடையில், நியூயார்க் பத்திரிகை ஒன்று அவருக்காக நிதி திரட்டத் தொடங்கியது. முதலில் மார்க் ட்வைன் சம்மதித்தார். மனைவி மறுத்தார். பிறர் பணத்தில் கடனைத் தீர்ப்பது தீர்ப்பதாகாது என்பது அம்மையாரின் எண்ணம். நிதியை நிறுத்தும்படி மார்க் ட்வைன் கேட்டுக்கொண்டார்.

புத்தகப் பணமும் பிரசங்கப் பணமும் சேர்ந்தன. 1898 தொடக்கத்தில், கடன் கொடுத்த எல்லோருக்கும் முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது. திவாலாகி நான்கு வருடம்கூட ஆகவில்லை.

1900 அக்டோபரில் அவர் நியூயார்க் திரும்பியபோது, ஜனங்கள் வீரனை வரவேற்பது போல வரவேற்றார்கள்.

எல்லோராலும் முடியுமா?

மார்க் ட்வைன் கதையைக் கேட்டு, திவாலானவர்கள் எல்லோரும் இப்படி முழுக் கடனையும் அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. அவரிடம் உலகம் விரும்பும் எழுத்து இருந்தது. ரோஜர்ஸ் போன்ற நண்பர் இருந்தார். அந்த வசதி இல்லாதவர்கள் ஆயுள் முழுவதும் கடனில் கிடந்து மடியாமல் இருப்பதற்காகத்தான் திவால் சட்டம் இருக்கிறது.

ஆனால், ஒன்று எல்லோருக்கும் பொருந்தும். யந்திரமும் தவணை வியாபாரமும் தேறாது என்று தெரிந்த பிறகும், வெட்கத்துக்காகவும் நப்பாசைக்காகவும் மார்க் ட்வைன் பல வருடங்கள் கடன் வாங்கிக்கொண்டே போனார். அவர் குடும்பத்தைக் கெடுத்தது அதுதான். கணக்கை ஒளிக்காமல், எல்லோருக்கும் தெரிய ஏப்ரல் 18-ந்தேதி போட்ட கையெழுத்து அவர்களைக் கெடுக்கவில்லை. அன்றிலிருந்துதான் கடன் வளர்வது நின்றது.

1904-ல் ஒலிவியா அம்மையார் இத்தாலியில் காலமானார். 1909-ல் ரோஜர்ஸ் இறந்தார். அதே வருடம் டிசம்பரில் ஜீனும் இறந்தாள். 1910 ஏப்ரல் 21-ந்தேதி மார்க் ட்வைன் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது 74. கடன் தீர்ந்த பிறகும் புதுப் புது யந்திரங்களில் பணம் போட அவருக்கு ஆசை வந்தது உண்டு. ரோஜர்ஸ் உயிரோடு இருந்தவரை தடுத்துப் பார்த்தார். சில சமயம் தடுக்க முடிந்தது. சில சமயம் முடியவில்லை.

ஹார்ட்போர்ட் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பேஜின் யந்திரங்களில் மிஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், ஒரு குடும்பத்தின் செல்வத்தை எல்லாம் தின்ற அந்த இரும்புப் பூதத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.